கழனிக்கும் ஒரு விலாசம் வேண்டும்

கணியம்பாடி வட்டாரத்தில் கரும்புக்கு இரவு முறையில் தண்ணீர் கட்டும் விவசாயி ஒருவரைக் கட்டுவிரியன் தீண்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். உடன் இருப்பவர் செல்போனில் 108-ஐ அழைக்கிறார். சென்னையில் எடுத்து, எந்த இடம் என்று கேட்கிறார்கள். “கொல்லைமேட்டுப் பக்கம், மாரியம்மன் கோயில் தாண்டி, நம்ம கெணத்தண்ட” என்று பதில் போகிறது. கொல்லைமேடு என்ற பெயர் வட ஆர்க்காட்டுப் பக்கம் எத்தனை ஊர்களுக்கு உண்டு! மாரியம்மன் கோயில் இல்லாத ஊர்தான் எது?

செல்போனில் பேசினாலே இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று விவசாயப் பெருமக்கள் பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மை. எந்தக் கோபுரத்தின் வழியாகப் பேச்சு போகிறது என்பது செல்போன் கம்பெனிக்குத் தெரியும். நகரத்தில் கோபுரங்கள் நெருக்கமாக இருப்பதால், சில நூறு மீட்டருக்குள் ஆளைக் கணித்துவிடலாம். கிராமத்தில் ஒரு கோபுரம் பல கிலோமீட்டர் சுற்றளவுக்கு வேலை செய்கிறது. எந்த ஏரியின் ஆயக்கட்டு என்று தெரியும். எந்த மடை என்று தெரியாது, அவ்வளவுதான். ஜவ்வாது மலையடிவாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்துக் கோபுரத்தைக் குன்று மறைத்தால், போன் தொலைவில் உள்ள வேறொன்றைப் பிடித்துக்கொள்ளும். ஆள் வேலூர் மாவட்டத்தில் கிடக்க, கோபுரம் திருவண்ணாமலை மாவட்டத்துக் கண்ணமங்கலத்துப் பக்கம் இருக்கக்கூடும்.

தொடுதிரை போனில் செயற்கைக்கோள் வழியாக இடம் அறியும் கருவி இருக்கிறது. திறந்த வெளியில் சில மீட்டர் வித்தியாசத்தில் அது இடத்தைச் சொல்லிவிடும்; அதற்குக் கோபுரம் தேவையில்லை. ஆனால் போனுக்குத் தெரிந்தது 108-க்குத் தெரிய வேண்டுமே! பிரிட்டனில் 2014-லேயே இதற்கு வழி செய்தார்கள். அவசர எண்ணை அழைத்ததும், அழைப்பவர் எதுவும் செய்யாமலே, போன் தன் இருப்பிடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுகிறது. நம் நாட்டில் 2017 ஜனவரி முதல் விற்கும் போன்களில் அபாயப் பொத்தான் வசதி வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்தினால் அழைப்பு போகும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் கழனிக்குப் பெரும்பாலோர் கொண்டுபோகும் பட்டன் போனில் செயற்கைக்கோள் கருவி பொதுவாக இருப்பதில்லை. மறுபடியும் கோபுரக் கணக்குதான்.

2023 மே மாதத்தில் இதே வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒரு பெண் குழந்தை இறந்ததையும், சாலை இல்லாததால் தாய் உடலைச் சுமந்து நடந்ததையும் ஊரே அறியும். அது வழி இல்லாத குறை. வழி இருந்தும் இடம் தெரியாமல் வண்டி சுற்றுவது வேறு குறை. இதைத் தீர்க்க மலையை உடைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மின் வாரியம் எண் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு கழனிக்கும் சர்வே எண் உண்டு. புல வரைபடம் இன்று இணையத்திலேயே கிடைக்கிறது. பம்ப்செட்டுக்கு எண் கொடுத்த அரசு, நிலத்துக்கு எண் கொடுத்த அரசு, ஆம்புலன்ஸை அனுப்புவதும் அதே அரசு. மின் இணைப்பு எண்ணையோ, ஊர்ப் பெயரோடு சர்வே எண்ணையோ சொன்னால் 108 அறையின் திரையில் அந்தக் கிணறு தெரிய வேண்டும். மின் வாரியமும் வருவாய்த் துறையும் சுகாதாரத் துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஆகிற காரியம் இது. கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டியவற்றில் இதையும் சேர்க்கலாம்.

அது வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. வீட்டுப் பிள்ளைகளிடம் தொடுதிரை போன் இருந்தால், ஒரு நாள் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, வரைபடச் செயலியில் கிணறு இருக்கும் புள்ளியை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்கள் வரும். கணியம்பாடிப் பக்கம் முதல் எண் 12 என்றும் அடுத்தது 79 என்றும் தொடங்கும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் போதும், பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் இடம் பிடிபடும். மோட்டார் ரூம் சுவரில் அவற்றைப் பெயிண்டால் எழுதி, கீழே ஊர், ஊராட்சி, வட்டாரம், தார்ச்சாலையில் எங்கே திரும்ப வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். கூலிக்கு வந்த வெளியூர் ஆளும் அதைப் பார்த்துப் படித்துச் சொல்ல முடியும்.

கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடக் கூடாது. இறுக்கிக் கட்டுவதும் கீறி விடுவதும் கெடுதல். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்தாலே போதும். விஷமுறிவு மருந்துக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதே வட்டாரத்தில் இருக்கிறது. ஒருவர் டார்ச் லைட்டோடு சாலை முனைக்குப் போய் நிற்கட்டும். 108-ஐ அழைத்த போனில் வேறு யாரிடமும் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். வழி கேட்டு ஓட்டுநர் அந்த எண்ணுக்குத்தான் திரும்ப அழைப்பார்.