பந்து கையில் இல்லாதபோது

டெக்ஸாஸ் பள்ளிகளில் மாணவர்கள் வகுப்பு நாளில் சொந்தச் செல்பேசியைப் பயன்படுத்தக் கூடாதென்று 2025-ல் சட்டம் வந்தது. செயலிகளைக் கொண்டு குழு விளையாட்டு கற்றுத்தரலாம் என்றவர்களுக்கு இது பின்னடைவாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளியே தரும் கருவிகளுக்கு அச்சட்டத்தில் தடையில்லை.

செயலி எதில் கெட்டி? ஒரு மாணவி வாலிபாலில் செர்வ் போடுவதைப் படமெடுத்து மெதுவாக ஓட்டினால், கை எங்கே பிசகுகிறது என்று அவளுக்கே புரியும். ஆனால் பந்து தன்னிடம் இல்லாதபோது எங்கே நிற்பது என்பதல்லவா குழு விளையாட்டின் சூட்சுமம்? முதலில் ஆட்டம் புரியட்டும், நுட்பம் பின்னால் வரட்டும் என்று இங்கிலாந்தின் பங்கரும் தோர்ப்பும் 1982-லேயே வலியுறுத்தினார்கள்.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அளக்க எளிதானதையே நாங்கள் அளக்கிறோம். டெக்ஸாஸில் 2007 முதல் நடக்கும் ஃபிட்னஸ்கிராம் சோதனையும் ஓட்டம், தண்டால் என்று தனி உடலைத்தான் அளக்கிறது. தோழனுக்குப் பந்தை விட்டுக்கொடுத்ததற்கு அதில் மதிப்பெண் இல்லை.

நம் பிள்ளைகள் பலர் மாலையில் கணக்கு, வயலின், பரதம் என்று தனித்தனியாகவே தேறுகிறார்கள். சேர்ந்து தோற்றுப் பழக உடற்கல்வி வகுப்புதான் இடம். அதற்கும் நேரம் குறைவு. நியூஜெர்சியில் சுகாதாரப் பாடத்தையும் சேர்த்தே சட்டம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம்.

ஆகவே, ஆளுக்கொரு திரை வேண்டாம். குழுவுக்கு ஒரு பலகைக் கணினி போதும். முழு ஆட்டத்தையும் படமெடுத்து, இரண்டு நிமிடம் எல்லோரும் சேர்ந்து பார்த்து வாதாடிவிட்டு, மறுபடி களத்தில் இறங்கட்டும்.