வெற்றுக் கூட்டுக்கு விலை ஏற்றுவோர்

பங்குச் சந்தையைப் பற்றித் தமிழாசிரியன் எழுதலாமா என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்து விலக்கிவிட்டார். அதற்குமேல் நமக்கென்ன பேச்சு என்பது அவர்தம் வாதம். ஓய்வுபெறும் ஆசிரியரின் பணிக்கொடையைக் குறிவைத்து நாள்தோறும் கைப்பேசியில் செய்திகள் வந்து விழும் இக்காலத்தில், இவ்வாதத்தை ஒழுக்கம் என்று நான் கொள்ள மாட்டேன். இது சோம்பல்.

நேரிய சூதில் காய் எப்பக்கம் விழும் என்பதை ஆடுவோர் எவரும் அறியார். நான் இங்குக் கூறவிருக்கும் தொழிலிலோ, உருட்டுபவனுக்கு அது முன்பே தெரியும். சகுனியின் காயைச் சூது என்று சொல்வது சூதுக்கே இழுக்கு.

வழி மிகப் பழையது. சந்தைப் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். தொழில் பெயரளவில் இருக்கும், அல்லது அதுவும் இராது. நண்டு கழற்றிப்போட்ட ஓடு போன்ற அந்நிறுவனத்தின் பங்குகளுள் பெரும்பகுதியைச் சிலர் மலிவாக வாங்கிச் சேர்ப்பர். பின்னர் அவர்தம் வலக்கை விற்க, இடக்கை வாங்கும். கணக்குகள் பலர் பெயரில் இருப்பதால், வெளியிலிருந்து காண்பவனுக்கு அது பெருங்கூட்டம் போலத் தோன்றும். விலை ஏறும். ஏறுவதைக் கண்டு மெய்யான மக்கள் வருவர். அவர்கள் தலையில் சரக்கைக் கட்டிவிட்டு முதற்கூட்டம் அகன்றுவிடும்.

இது கற்பனையன்று. 2013ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ச் சந்தையில் புளூமோண்ட், ஏசியாசன்ஸ், லயன்கோல்ட் என்னும் மூன்று நிறுவனங்களின் பங்குகள், அவற்றின் வருமானத்துக்குச் சற்றும் பொருந்தாத உயரத்தில் நின்றன. புளூமோண்டின் விலை இரண்டு வெள்ளியைக் கடந்திருந்தது. அக்டோபர் 4ஆம் நாள் மூன்றும் ஒருசேரச் சரிந்தன. சந்தை நிர்வாகம் வணிகத்தையே நிறுத்திவைத்தது. மூன்று வணிக நாட்களுக்குள் ஏறக்குறைய 800 கோடி வெள்ளி மதிப்பு கரைந்து போயிற்று. அடுத்த சில நாட்களில் புளூமோண்ட் இருபது காசுக்கும் கீழே கிடந்தது. 60 தனியாரும் நிறுவனங்களும் பெயர் கொடுத்த 189 கணக்குகளின் வழியாக அந்த ஆட்டம் நடத்தப்பட்டது என்பது வழக்கு. 2022ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் இருவரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து, அவ்வாண்டு டிசம்பரில் ஒருவருக்கு 36 ஆண்டும் மற்றவருக்கு 20 ஆண்டும் சிறைத் தண்டனை விதித்தது. 36 ஆண்டு பெற்றவர் நம் மலேசிய நாட்டவர். ஆதலின் அது அண்டை வீட்டுச் செய்தி என்று நாம் கதவைச் சாத்திக்கொள்வதற்கில்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பார் சிலர். பார்த்துக்கொண்டதுதான்; எப்போது? சரிவு 2013இல், தீர்ப்பு 2022இல். நம் நாட்டிலும் 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தைச் சட்டம், போலி வணிகம் புரிவோர்க்குப் பத்தாண்டு வரை சிறையும் பத்து இலட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத தண்டமும் விதிக்க இடந்தருகிறது. நல்ல சட்டமே. ஆனால் சட்டம் வந்து சேரும்போது, விற்றவன் விற்றுவிட்டான். வாங்கியவன் தாள்களோடு நிற்கிறான்.

என் குற்றச்சாட்டு நம்மவர் மீதே. நாம் கருத்துணர்தல் கற்பிப்பவர்கள். ஒரு பத்தியைக் கொடுத்து, அதில் சொல்லப்பட்டது எது, சொல்லாமல் விடப்பட்டது எது என்று பத்து வயதுச் சிறுவனைக் கேட்கிறோம். அதே கேள்வியை ஒரு நிறுவனத்தின் அறிவிப்பிடம் கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. பட்டியலிலுள்ள நிறுவனம் எதுவும் முழு இருளில் இயங்க முடியாது. ஆண்டறிக்கைகளும் அறிவிப்புகளும் பர்சா மலேசியாவின் இணையத்தளத்தில் காசின்றிக் கிடைக்கின்றன. ஆண்டறிக்கையின் பிற்பகுதியில் முப்பது பெரும் பங்குதாரர்களின் பட்டியல் இருக்கும், அங்கிருந்து தொடங்குக. பங்குகள் சிலர் கையிலேயே குவிந்திருப்பின் வெளியே புழங்குவது சொற்பம். சொற்பமானதைத் தூக்குவது எளிது. அடுத்து, பழைய அறிக்கைகளை வரிசையாக வைத்து, பெயரும் தொழிலும் எத்தனை முறை மாறின என்று எண்ணுக. லயன்கோல்ட் நிறுவனமும் பெயரை மாற்றிக்கொண்டு தங்கச் சுரங்கத்துக்கு வந்ததுதான். 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில், கையுறையோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத நிறுவனங்கள் பல நம் நாட்டில் கையுறை செய்யப்போவதாக அறிவித்தன. அவற்றுள் நேர்மையானவையும் இருந்தன. ஆயினும் வினைமுற்றின் காலத்தைப் பார்க்க இலக்கண ஆசிரியனுக்கா சொல்லித்தர வேண்டும்? 'ஆலை கட்டினோம்' என்பது ஒன்று. 'கட்ட எண்ணியுள்ளோம்' என்பது முற்றிலும் வேறு.

செய்தி ஏதுமின்றி ஒரு பங்கு திடீரென இலட்சக்கணக்கில் கைமாறும்போது, சந்தை நிர்வாகம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்கும். சிங்கப்பூரிலும் சரிவுக்கு முன்பே கேட்டிருந்தது. அத்தகைய கேள்விக்கு நிறுவனங்கள் எழுதும் விடை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது: இவ்வேற்றத்துக்குரிய காரணம் எதையும் நாங்கள் அறியோம் என்பது. 'காரணம் இல்லை' என்பதும் 'காரணத்தை அறியோம்' என்பதும் ஒன்றா? நடத்துவோர்க்கே காரணம் தெரியாமல் ஒன்றின் விலை இரட்டிக்கிறதென்றால், அதைப் படித்தவன் கையை மடக்கிக்கொள்ள வேண்டும். நம் மக்களோ, நிறுவனமே மறுக்கவில்லை என்று மகிழ்ந்து இன்னும் வாங்குகின்றனர். விலை குறைந்த பங்கெல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. படிக்காமல் வாங்கியது எதுவாயினும் மோசடிக்காரனுக்கு அது வசதி என்கிறேன்.

பேராசைக்காரனுக்கு இது வேண்டியதுதான் என்னும் குரல்தான் என்னை மிகவும் உறுத்துவது. என்னோடு பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். எஸ்.பி.எம். மாணவர்க்கு மாலை வகுப்பில் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தை அவர்போல் நடத்தியவரை நான் கண்டதில்லை. முப்பது ஆண்டுகள் ஒரே மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வந்தவரைப் பேராசைக்காரர் என்று எந்த நாக்கு சொல்லும்? அவரிடம் படித்த ஒருவன் வந்து, "ஐயா, உங்களுக்கென்று சொல்கிறேன், வெளியில் சொல்லாதீர்கள்" என்றான். மாணவன் சொல்லை ஆசிரியர் நம்பினார். பணிக்கொடையில் பாதி, அறுபது சென் விலையில், தொழில் மாறிக்கொண்டே வந்த ஒரு நிறுவனத்துக்குள் போயிற்று. அந்த மாணவனும் ஏமாற்றப்பட்டவனா, ஏமாற்றியவர்களுள் ஒருவனா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அவர் எவரிடமும் முறையிடவில்லை. தமிழாசிரியன் பங்கு வாங்கினான் என்று நாம் சிரிப்போம் என அஞ்சினார். சிரித்திருப்போம்.

அப்பங்குகள் இன்றும் அவர் கணக்கில் உள்ளன. சென்ற மாதம் பார்க்கச் சென்றபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் விலையைக் காட்டினார். ஒரு சென். வாங்குவோர் பத்தி வெறுமையாக இருந்தது.