எழுத்து எவர் வீட்டுச் சொத்து?

"எழுத்தறியாத தாய் எப்படி எழுத்தைக் கற்பிப்பாள்? வலை இழுக்கும் தந்தைக்கு வாசிப்பு ஏது? ஐந்து வயது ஆகட்டும், பள்ளிக்கு வரட்டும், பார்த்துக் கொள்ளலாம்!"

இப்படிப் பேசுகிறார்கள் பெரிய மனிதர்கள். இரக்கத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால், அந்த இரக்கத்தின் அடியிலே படுத்திருப்பது பழைய செருக்கு. எழுத்து சில வீடுகளின் பிறப்புரிமை; மற்ற வீடுகளுக்கோ, வெளியிலிருந்து கொண்டுவந்து போடப்படும் பிச்சை! இதுதான் அந்தச் செருக்கின் பொருள்.

நாம் மறுக்கிறோம். மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைக்கு வாசிப்பின் வாயிலைத் திறந்துவிட மண்டபத்து மீனவர் வீட்டால் முடியும். தங்கச்சிமடத்துக் கூரை வீட்டால் முடியும். கீழக்கரையிலே சங்கு குளிப்பவர் வீட்டாலும் முடியும். முடியாது, முடியாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி, அந்த வீட்டாரையே நம்ப வைத்துவிட்டார்களே, அந்த நம்பிக்கையின் மீதுதான் நம் முதல் அடி விழ வேண்டும்.

வாசிப்பு என்பது யாது? அட்டையிலே அச்சிட்ட எழுத்து வரிசையைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிப்பதா? அன்று. காதால் கேட்டுப் பழகிய சொல்லைக் கண்ணால் கண்டு இனம் தெரிந்து கொள்வதே வாசிப்பு. ஆகவே, கேட்ட சொற்கள் மிகுந்த குழந்தைக்கு வாசிப்பு எளிதாகிறது. நண்டு, நகரை, நங்கூரம்... மூன்றும் ஒரே ஒலியிலே தொடங்குகின்றன என்பதைச் செவி உணர்ந்த பிறகுதான், 'ந' என்னும் வடிவத்துக்குப் பொருள் பிறக்கிறது. செவி உணராத முன்பு, அது வெறும் கோடு!

சொல்லுக்கு இந்தக் கரையிலே பஞ்சமா? பட்டணத்துப் படிப்பாளிக்குக் காற்று என்றால் காற்று. கடலோரத்துப் பாட்டிக்கோ வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர். அவருக்கு மீன் என்றால் மீன். அவளுக்கோ சூடை, காரல், முரல், விளைமீன், பாறை, சீலா, திருக்கை என நீண்டு கொண்டே போகும் வரிசை. இத்தனை சொற்செல்வம் குவிந்து கிடக்கும் வீட்டையா, 'ஒன்றும் இல்லாத வீடு' என்று உதட்டைப் பிதுக்குவது?

எழுதிப் பழகப் பலகை இல்லையாம், தாள் இல்லையாம்! மணல் இருக்கிறதே! மணலிலே விரலால் எழுதித்தான் நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் எழுத்துக் கற்றார்கள். 1789-இல் சென்னை எழும்பூரிலே, ஆதரவற்ற ஆண் பிள்ளைகளின் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளி ஒன்றிலே பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டார்; வியந்தார்; தம் இல்லத்திலும் அவ்வாறே செய்தார். அதனோடு, தெரிந்த பிள்ளையே தெரியாத பிள்ளைக்குக் கற்பிக்கும் வழியையும் சேர்த்து, 1797-இல் லண்டனிலே நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. சீமை ஏழைப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிற்று நம் மணல்! ஆனால், அந்த மணல்மேடுகளிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு? அவன் பாதம் மணலிலே நடக்கலாம். அவன் விரல் மணலிலே எழுதலாகாது! பெரும்பாலான குடிகளின் பிள்ளைகளுக்கும், பெண் மக்களுக்கும் திண்ணைகளின் வாயில் மூடியே கிடந்தது. மணலைத் தடுக்க முடியவில்லை அவர்களால், எழுத்தைத் தடுத்தார்கள்.

இன்று தடுப்பார் இல்லை. ஆயினும் நாம் என்ன செய்கிறோம்? ஆண்டுக்கு ஒரு நாள், நல்ல நேரம் பார்த்து, அரிசியிலே விரல் பிடித்து எழுத வைக்கிறோம். மறுநாள் மறந்து விடுகிறோம். கடற்கரை மணலோ, எல்லா நேரத்தையும் நல்ல நேரமாக்கிக் கொண்டு வாசலிலேயே காத்துக் கிடக்கிறது!

எழுத்தறியாப் பெற்றோரைப் பற்றி ஏளனம் பேசுவோர், ரோம் நகரத்துக் கதையைக் கேட்கட்டும். 1907-இல் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலே, மரியா மாண்டிசோரி அம்மையார் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அத்தனை சிறு வயதிலே எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் அவருக்கே இல்லை. கேட்டவர்கள் யார் தெரியுமா? தாய்மார்கள்! அவர்களிலே பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். "எங்கள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுங்கள்" என்று வேண்டினார்கள். அதன் பிறகே, சொரசொரப்பான தாளில் எழுத்துகளை வெட்டி, விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகும் முறை அங்கே உருவாயிற்று. அம்மையார் 1939-இல் சென்னைக்கே வந்து, அடையாற்றிலே ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். ஏழைத் தாய்மார் கேட்டதால் பிறந்த அந்த முறையின் பெயர், இன்று எங்கே தொங்குகிறது? கட்டணம் கறக்கும் மழலையர் பள்ளிகளின் பெயர்ப் பலகையிலே!

அந்தப் பள்ளிகள் சிலவற்றின் கூத்தைத்தான் காண்கிறோமே! மூன்று வயதுப் பிஞ்சு விரலிலே எழுதுகோலைத் திணிக்கிறார்கள். பொருள் விளங்காத ஆங்கிலப் பாட்டை நெட்டுருப் போட வைக்கிறார்கள். வீட்டுப்பாடம் என்ற பெயரால் இரவிலே குழந்தையை அழவிடுகிறார்கள். வத்தை ஓட்டும் தந்தை வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார் பணம். ஏன்? "நம் வீட்டிலே என்ன இருக்கிறது கற்றுக் கொடுக்க?" என்ற தாழ்வெண்ணம்! அந்தத் தாழ்வெண்ணமே அவர்களுக்கு முதலீடு.

இங்கே ஒருவர் குறுக்கிடக்கூடும். "வீட்டிலே கல்வி என்கிறீரே, இது குலக்கல்வியின் மறுபிறப்பு அல்லவா?" என்று. நல்ல கேள்வி! 1953-இல் இராஜாஜி அமைச்சரவை கொண்டு வந்த திட்டம், சிற்றூர்ப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகு என்றது. நாடு கொதித்தது, 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். அன்று, ஏட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றார்கள். நாம் சொல்வதோ, வீட்டுக்குள்ளேயே ஏடு வரட்டும் என்பது. அது படகோட்டி மகனைப் படகிலேயே கட்டிப் போடும் திட்டம். இது, அவன் விரும்பிய கரைக்குச் செல்ல வழி திறப்பது. இரண்டும் ஒன்றாகுமோ?

சரி, வீட்டிலே செய்ய வேண்டியது என்ன? நாளும் கால் மணி நேரம் போதும். வலையைச் செப்பனிடும்போதும், கருவாடு காயப் போடும்போதும் பேசலாம். "மு-வில் தொடங்கும் மீன் எது?" என்று கேட்கலாம். விடுகதை போடலாம். இரவிலே கதை சொல்லலாம், பாதியில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்கலாம். படப்புத்தகம் ஒன்று கிடைத்தால், குழந்தையை மடியில் வைத்துப் படத்துக்குப் படம் கதை சொல்ல, தாய்க்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அக்காள், அடியிலே உள்ள வரியைப் படித்துக் காட்டட்டும். பெல் பாதிரியார் பாராட்டிய முறையும் அதுதானே!

247 எழுத்து என்று தாய்மாரை மிரட்டுகிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1; மீதி 216-உம் இவற்றின் சேர்க்கையே. அதிலும் ஒழுங்கு தவறிய வடிவங்களைப் பெரியார் 1935-இலேயே சீர்திருத்திக் 'குடிஅரசு' இதழிலே அச்சிட்டுக் காட்டினார். 1978-இல் தமிழக அரசு அதனை ஏற்றது. குழந்தையின் சுமை அந்த அளவுக்குக் குறைந்தது. நாமும் குறைத்துத் தொடங்கலாம். முதலில் குழந்தையின் பெயரை மணலிலே எழுதுக. அடுத்து ட, ப, ம. இம்மூன்றும் ஒரு புள்ளியும் சேர்ந்தால் படம், மடம், பட்டம் எனச் சொற்கள் பிறக்கின்றன. கரையிலே நிற்கும் படகின் பெயர், பேருந்தின் ஊர்ப் பலகை, கடையின் பெயர்ப் பலகை யாவும் பாடநூலே. அடியாதீர், அவசரப்படாதீர், குழந்தை எழுந்து ஓடினால் ஓடட்டும். நாளை வரும்.

வீட்டார் கடமை இது. ஆட்சியாளர் கடமையைச் சொல்லாமல் விடுவோமா? 1948-இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது, இந்தியாவிலேயே முதலாவது. 1975-இல் தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளுக்கு, சத்துணவோடு முன்பருவக் கல்வியும் பொறுப்பாகும். 2018-இல் நடுவண் அரசு வகுத்த 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலிலே, விருதுநகரோடு இராமநாதபுரமும் இடம்பெற்றது. பட்டியலிலே பெயர் இருந்தால் போதுமா? கடலோரத்து அங்கன்வாடி ஒவ்வொன்றிலும், குழந்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று திருப்பித் தரும் தமிழ்ப் படப்புத்தகங்கள் இருக்க வேண்டும். கிழிந்தால் கிழியட்டும்! கிழியாத புத்தகம் குழந்தை தொடாத புத்தகம்.

இராமேசுவரத்திலே 1931-இல் பிறந்த அப்துல் கலாமின் தந்தை, பெரும் பள்ளிப்படிப்போ பெருஞ்செல்வமோ உடையவர் அல்லர். மகனே எழுதி வைத்திருக்கிறார். ஆனால், தம் வீட்டு நூல்களை அச்சிறுவனுக்கு இரவல் தந்து படிக்கத் தூண்டிய மனிதர் ஒருவர் அவ்வூரிலே இருந்தார். ஒரு சிறுவனுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். ஊருக்குள் நூறு குழந்தைகள் இருக்க, வாய்ப்பை நம்பியா நாம் வாளாவிருப்பது?

எல்லை தாண்டினான் என்று கணவனைப் பிடித்துச் சென்றுவிட்டால், மனு எழுத அடுத்தவர் வாசலிலே நிற்கிறாள் ஒரு தாய். அவள் மடியிலே இருக்கும் குழந்தைக்கு வயது மூன்று. அந்தக் குழந்தையும் வளர்ந்து அதே வாசலில் நிற்க வேண்டுமா? கூடாது என்போர், இன்று மாலையே தொடங்கட்டும். தாயே, உங்களுக்குத் தெரிந்த கதை ஒன்றைச் சொல்லுங்கள். தோழரே, உங்கள் வீட்டில் உறங்கும் படப்புத்தகத்தை அடுத்த வீட்டுக் குழந்தையிடம் கொடுங்கள். எழுத்து எவர் வீட்டுச் சொத்தும் அன்று. எல்லார் வீட்டுச் சொத்து!