மண்டபத்தில் முதலில் வளர வேண்டியது மரிக்கொழுந்துப் பாசி

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மண்டல மையத்தை, கடற்பாசி வளர்ப்புக்கான சிறப்பு மையமாக மத்திய மீன்வளத்துறை 2024-இல் அறிவித்தது. தரமான விதைப்பாசியைப் பெருக்கி விவசாயிகளுக்குத் தருவது அதன் முதன்மைப் பணி. அதே ஆண்டில், உயிருள்ள கடற்பாசிகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளையும் அதே துறை வெளியிட்டது. ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் ரூ.127.71 கோடி மதிப்பில் கடற்பாசிப் பூங்காவுக்கான திட்டமும் கையில் இருக்கிறது. இந்தக் கரையின் தாவர ஆய்வுக்கு இவ்வளவு பணமும் கவனமும் ஒருசேரக் கிடைப்பது அபூர்வம். ஆனால் எந்தப் பாசிக்காக இந்த முயற்சி என்பதை இப்போதே முடிவுசெய்தாக வேண்டும். மன்னார் வளைகுடாவில் இயல்பாக வளரும் மரிக்கொழுந்துப் பாசிக்கும் கஞ்சிப்பாசிக்கும் விதை உருவாக்குவதே மண்டபம் மையத்தின் முதல் கடமை என்பது நம் கருத்து. அந்நியப் பாசியின் புதிய ரகங்களைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

காரணம், முப்பதாண்டு அனுபவம். கப்பாபைகஸ் என்னும் பிலிப்பைன்ஸ் பாசியை மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. தொண்ணூறுகளின் நடுவில் மண்டபம் கடலில் வளர்த்துப் பார்த்தது. பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் இறங்கியதால் மீனவர்கள் வாயில் அது ‘பெப்சி பாசி’ ஆனது. மூங்கில் மிதவையில் கயிறுகளைக் கட்டி, ஒரு மிதவைக்கு சுமார் 60 கிலோ விதைப்பாசியைத் துண்டு துண்டாக முடிந்து விட்டால், 45 நாளில் நான்கு மடங்குக்கு மேல் பெருகும். 2001-இல் வெறும் 21 டன்னாக இருந்த உலர்பாசி உற்பத்தி 2013 வாக்கில் 1,500 டன்னை நெருங்கியது. பிறகு பாசி கூட்டம் கூட்டமாக வெளுத்து, உதிர்ந்து செத்தது, உற்பத்தி சரிந்தது. கடல்நீர் சூடேறும்போதும் உப்புத்தன்மை குலையும்போதும் தண்டு வெளுத்து ஒடியும் நோய் இந்தப் பாசிக்கு, அதை வளர்க்கும் பிற நாடுகளிலும் உண்டு. இங்கே கூடுதலாக இன்னொரு பலவீனமும் இருந்தது. இனக்கலப்பே இல்லாமல், ஒரே தாய்ப்பாசியின் துண்டுகளையே ஆண்டாண்டாக வெட்டி வெட்டி நட்டோம். மரபில் வேறுபாடு இல்லாத பயிரில் ஒன்று தாங்காத வெப்பத்தை மற்றொன்றும் தாங்காது.

இதற்கு மருந்தாக வந்ததுதான் திசு வளர்ப்பு நாற்று. ஆய்வகத்தில் உருவாக்கிய நாற்றுகள் பழைய விதையைவிட 20 முதல் 30 சதவீதம் வேகமாக வளர்வதாக விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். நல்ல முன்னேற்றம், வரவேற்கிறோம். ஆனால் புத்துயிர் பெற்ற அந்தப் பாசியும் வந்தேறிதான். குருசடைத் தீவருகே பவளப் பாறைகளின்மேல் கப்பாபைகஸ் படர்ந்து மூடியதை 2008-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு ஆவணப்படுத்தியது. அந்தப் படர்வு சில இடங்களோடு நின்றுவிட்டது, கைகளால் அகற்றிவிடலாம் என்று வாதிடுவோர் உண்டு. அது உண்மையாகவே இருந்தாலும், 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில், வெப்பத்தால் ஏற்கெனவே வெளுத்துவரும் பவளத்தின்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றிப் பார்க்க நமக்கு என்ன உரிமை? இந்த ஆபத்தை உணர்ந்துதான் தமிழக அரசு 2005 டிசம்பரிலேயே மன்னார் வளைகுடாவின் பவளப் பகுதியை விலக்கி இந்தப் பாசி வளர்ப்புக்கு எல்லை வகுத்து ஆணையிட்டது. மேலும் வேகமாக வளரும் ரகங்கள் வரும்போது அந்த ஆணையின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

சொந்தப் பாசியின் நிலை என்ன? மரிக்கொழுந்துப் பாசி, அதாவது ஜெலிடியெல்லா, தீவுகளின் ஓரத்தில் செத்த பவளக் கற்களைப் பற்றிக்கொண்டு வளர்வது. அகர் என்னும் கூழ்மம் எடுக்க இந்தியாவில் கிடைக்கும் பாசிகளில் தரமானது. சின்னப்பாலம், பாரதிநகர் பெண்கள் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணிக்கீற்றுகளைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு மூச்சடக்கி மூழ்கி, கற்களிலிருந்து கையால் பறித்துக் கரை சேர்க்கிறார்கள். பற்றுக்காலை விட்டுவிட்டு மேல்கொடியை மட்டும் கிள்ளினால் அதே கல்லில் மீண்டும் துளிர்க்கும். கல்லோடு பெயர்த்தால் அந்த இடம் வெறுமையாகிவிடும். தாவரவியல் நூல் விளக்கும் இந்த உடலியல் உண்மை அந்தப் பெண்களின் விரல்களுக்கு எப்போதோ தெரியும். அதனால்தான் மாதத்தில் சில நாட்கள் மட்டுமே பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள். ஆனால் பறிப்பதில் காட்டும் கட்டுப்பாடு மட்டும் போதாது. மதுரை வட்டாரத்து அகர் ஆலைகளின் தேவைக்குக் காட்டுப்பாசி ஈடுகொடுக்க முடியாது. வளர்த்தே ஆகவேண்டும். அதற்கு அறிவியல் இல்லாமலா இருக்கிறது? குருசடைத் தீவின் பாசிகளை எம்.ஓ.பி. ஐயங்கார் 1927-லேயே பட்டியலிட்டார். ஏர்வாடிக் கடலில் பவளக் கற்களில் மரிக்கொழுந்தைக் கட்டி வளர்க்கும் சோதனைகள் எழுபதுகளில் தொடங்கின. திசுக்கட்டியிலிருந்து முழுப் பாசியை மீட்கலாம் என்று நம் விஞ்ஞானிகள் 2004-இல் நிரூபித்தார்கள். திறந்த கடலில் வளர்க்கலாம் என்பதை 2009-இல் வெளியிட்டார்கள். இருந்தும் விவசாயியின் கையில் இன்றுவரை மரிக்கொழுந்து நாற்று இல்லை. ஒவ்வொரு திட்டமும் அதன் நிதிக்காலத்தோடு முடிந்துபோனது; விட்ட இடத்திலிருந்து தொடர ஆளில்லை.

மரிக்கொழுந்து மெதுவாக வளர்வது, 45 நாளில் காசு பார்த்த குடும்பம் அதற்காகக் காத்திருக்குமா என்பது நியாயமான மறுப்பு. காத்திருக்கச் சொல்லவும் கூடாது. கப்பாபைகஸ் மிதவைகளை நாளையே கழற்றுங்கள் என்று நாம் கேட்கவில்லை. மற்றொரு நாட்டுப் பாசியான கஞ்சிப்பாசி கிட்டத்தட்ட இரண்டு மாதத்தில் அறுவடைக்கு வருவது. அறுபதுகளின் இறுதியிலிருந்தே இந்தக் கடலில் கயிற்றில் வளர்த்துக் காட்டப்பட்டது. அதன் பகை, ஓரா மீன் போன்றவை மேய்ந்துவிடுவது. மேய்ச்சலைத் தடுக்கும் வலைக்கும், வடகிழக்குப் பருவ அலையைத் தாங்கும் மிதவைக்கும் செய்ய வேண்டிய ஆய்வு ஏவுகணைத் தொழில்நுட்பம் அல்ல. அதற்குத் தேவை, தொடர்ந்து சில ஆண்டுகள் கொடுக்கப்படும் நிதி. மரிக்கொழுந்தின் மந்த வளர்ச்சியை அதன் கூடுதல் விலை ஓரளவு ஈடுகட்டும். மீதிக்கு ஆய்வுக்காலம் முழுவதும் வளர்ப்பவருக்கு மானியம் தேவை. அந்நியப் பாசிக்குத் தொடக்க காலத்தில் கிடைத்த தாங்கல் சொந்தப் பாசிக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

மருத்துவப் பயன் பற்றிய பேச்சில்தான் அதிக நிதானம் தேவை. கடற்பாசி எல்லா நோயும் தீர்க்கும் என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் கூழ்மம் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் நம்பிக்கை தந்தன. தென்னாப்பிரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரும் சோதனை, அது பாதுகாப்பானது, ஆனால் தொற்றைத் தடுக்கவில்லை என்று 2008-இல் சொல்லிவிட்டது. குடுவையில் வென்றது உடலில் தோற்கலாம். அதேநேரம், கீழக்கரை வீடுகளில் நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சப் பயன்படும் அதே அகர்தான் உலகெங்கும் மருத்துவ ஆய்வகங்களில் கிருமி வளர்க்கும் தட்டுகளில் உறைந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் அகர் வரத்து நின்றபோதுதான் பல நாடுகள் தத்தம் கடலோரங்களைத் தேடத் தொடங்கின. பாசியிலிருந்து மருந்தோ சத்துணவோ எடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் மூலப்பொருள் வேண்டும். பருவம், நீரின் வெப்பம், உப்பு, பாசியின் வயது ஆகியவற்றுக்கேற்ப அதன் வேதியியல் மாறுகிறது. பல தீவுகளில் பல நாட்களில் பறித்துக் கலந்த சாக்கை வைத்துக்கொண்டு மருந்தாய்வு செய்ய முடியாது. உடலியலும் பெருக்கமும் தெளிவாகாமல் மருத்துவ ஆய்வுக்கு அடித்தளமே கிடையாது. வரிசையைத் தலைகீழாக்கியதால்தான் ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தும் கரைக்கு ஏதும் வந்து சேரவில்லை.

ஆகவே சிறப்பு மையம் இவ்விரண்டு உள்நாட்டுப் பாசிகளின் உயிருள்ள விதை வங்கியைத் தொடங்கட்டும். ஏர்வாடி, மண்டபம், பாம்பன், தொண்டி என வெவ்வேறு இடங்களிலிருந்து தாய்ப்பாசிகளைச் சேகரித்து, எது எந்த வெப்பத்தைத் தாங்குகிறது என்று பதிவு செய்யட்டும். எந்த மாதத்தில், எந்த ஆழத்தில், எத்தனை நாற்றுகள் பிழைத்தன என்பதைத் தோல்விகளோடு சேர்த்துத் தமிழில் வெளியிடட்டும். விதை வங்கியை வழிநடத்தும் குழுவில் பாசி எடுக்கும் பெண்களுக்கு வாக்குள்ள இடமும், சோதனைக் கடலில் அவர்கள் செலவிடும் நாட்களுக்குக் கூலியும் வேண்டும். இறக்குமதியாகும் எந்த உயிர்ப்பாசியும் 2005 ஆணை விலக்கிய கடலுக்குள் நுழையாது என்பதைத் தமிழக அரசு மத்திய அரசிடம் எழுத்தில் பெற வேண்டும். வளமாவூர்ப் பூங்காவின் நிதியில் நாட்டுப் பாசிகளுக்கு எவ்வளவு என்பதை தமிழக மீன்வளத்துறை வரும் மானியக் கோரிக்கையின்போதே பேரவையில் அறிவிக்கலாம்.