சரக்கைப் பார்த்துச் சாக்கு வாங்குவோம்!

கம்ப்யூட்டர் வாங்குவதைப் பற்றி ஒரு மளிகை மொத்த வியாபாரி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. யோசிக்காமல் வாங்கிய ஒரு கம்ப்யூட்டரால் நமது கிடங்குக்குக் கடைக்கால் போடுவது இரண்டு மாதம் தள்ளிப் போயிற்று. அந்த நஷ்டம் நம்மோடு போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பகுதியில் தொழிற்சாலைகள் வந்த பிறகு நம் வியாபாரம் எப்படி மாறியது என்பதை அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளர் விடுதிகளும் மெஸ்களும் பெருகிவிட்டன. வாடகைக் கிடங்கை நம்பிச் சரக்கு எடுக்க முடியவில்லை. ஒரகடம் சாலையில் சொந்தக் கிடங்கு கட்டுவது என்று முடிவு செய்தோம். பிளான் போட வெளியாள் தேவையில்லை. நம் தம்பி மகனே கட்டடப் பொறியாளர்.

முன்பெல்லாம் டிரேசிங் தாளில் வரைந்து, நீல அச்சு எடுத்து, அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்போம். இன்று விண்ணப்பமும் வரைபடமும் இணையம் வழியாகப் போகின்றன. ஆகவே பொறியாளரின் கம்ப்யூட்டர் படுத்தால் நம் கட்டடமும் படுத்துவிடும். தம்பி மகனிடம் இருந்ததோ பத்து வருடத்துக்கு மேற்பட்ட பழைய கம்ப்யூட்டர். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அந்தப் பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்றும் சொன்னார்.

"நாம் வாங்கித் தருகிறோம்" என்று தீபாவளி முடிந்த கையோடு சென்னைக்குப் போனோம். அவரை உடன் அழைத்துப் போகவில்லை. திடீரென்று கொடுத்து மகிழ்விக்க எண்ணம். மெல்லிய மடிக்கணினி, கையில் எடுத்தால் கனமே இல்லை, ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் முழுதும் நிற்கும், புது மாடல் என்றார்கள். ரொக்கம் கொடுத்து வாங்கி வந்தோம்.

பெட்டியைப் பிரித்த தம்பி மகன் முகம் மலரவில்லை. "பெரியப்பா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. இதில் என் வேலை ஓடாது" என்றார். முயன்று பார்த்தார். வரைபட சாப்ட்வேர் ஏறியும் ஏறாமலும் நின்றது. பெரிய தாளில் படம் போடும் பிளாட்டரோ அதனோடு பேசவே மறுத்துவிட்டது. கடைக்காரரிடம் போனால், சீல் உடைத்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். அவர் மீது குறை சொல்ல மாட்டோம். பிரித்த ரவை மூட்டையை நாமும் திரும்ப எடுப்பதில்லை.

காரணம் இதுதான். கம்ப்யூட்டரின் மூளையாகிய சிப்பில் இரண்டு ஜாதி உண்டு. இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் சிப்புகள் ஒரு ஜாதி. நம் செல்போனில் இருக்கும் 'ஆர்ம்' வகை இன்னொன்று. 2024 நடுவிலிருந்து ஆர்ம் சிப் பொருத்திய விண்டோஸ் மடிக்கணினிகள் கடைகளில் பரவலாக வந்தன. கடிதம் எழுத, இணையம் பார்க்க அவை அருமையானவை. ஆனால் மற்ற ஜாதிக்கென எழுதிய சாப்ட்வேரை அவை உள்ளுக்குள் மொழிபெயர்த்துத்தான் ஓட்ட வேண்டும். சில ஓடும், சில தடுமாறும். பிளாட்டர், பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் 'டிரைவர்' அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய பிளாட்டருக்கு அதை யார் எழுதுவார்கள்?

கட்டட வரைபடத்துக்குப் பெரும்பாலோர் பயன்படுத்தும் ஆட்டோகேட் 1982-ல் வெளிவந்தது. அதன் 2025 பதிப்புக்கான தேவைப் பட்டியலில், ஆர்ம் சிப்புகளுக்கு ஆதரவில்லை என்று ஒரே வரியில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் படிக்காதது நம் பிழை.

இன்னொன்றும் கற்றோம். 'எத்தனை கோர்' என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். ஆட்டோகேட்டின் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை ஒரு கோரில்தான் நடக்கின்றன. லோடு இறக்கப் பதினாறு ஆள் நின்றாலும், கிடங்கு வாசல் ஒரு ஆள் நுழையும் அகலம் என்றால் என்ன பயன்? கோரின் எண்ணிக்கையை விட ஒரு கோரின் வேகமே முக்கியம். நினைவகம் குறைந்தது 8 ஜிபி, 32 ஜிபி இருந்தால் நல்லது என்று அதே பட்டியல் சொல்கிறது. சாதாரண பிளானுக்கு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. முப்பரிமாணப் படம் போடுபவருக்குத் தேவை.

சாப்ட்வேர் விலையையும் மறக்கக் கூடாது. ஒரு தடவை பணம் கட்டி ஆயுள் முழுதும் வைத்துக்கொள்ளும் ஆட்டோகேட் உரிமத்தைப் புதிதாக விற்பது 2016-ல் நின்றுவிட்டது. இப்போது சந்தா முறை, அதாவது கடை வாடகை மாதிரி. "காப்பி போட்டுக்கொள்ளப்பா, பீஸைக் குறை" என்று பொறியாளரிடம் பேரம் பேசும் நண்பர்கள் ஒன்றை அறிய வேண்டும். திருட்டுக் காப்பி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குற்றம். ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். எடைக்கல்லில் முத்திரை இல்லாவிட்டால் நமக்கு என்ன கதியோ, அதே கதிதான் அவருக்கும். பொறியாளரின் பீஸில் அந்த வாடகையும் அடக்கம் என்று உணர்ந்து கொடுப்பதே நியாயம்.

டெல் நிறுவனம் 2007-ல் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே கம்ப்யூட்டர் தொழிற்சாலை தொடங்கியது. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் கடைகளில் அரிசி வாங்குகிறார்கள். கம்ப்யூட்டர் செய்யும் ஊரில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் வாங்கத் தெரியாமல் ஏமாந்தோம்!

பச்சரிசி கேட்டு வருபவரிடம், "பொங்கலுக்கா, மாவு அரைக்கவா?" என்று கேட்டுத்தான் நாம் எடை போடுகிறோம். கேட்காமல் கொடுப்பவன் நல்ல வியாபாரி இல்லை. வாங்கப் போகும்போது மட்டும் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறோம். முதலில் எந்த சாப்ட்வேர், எந்தப் பதிப்பு என்று தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்து அது கேட்கும் சிப், நினைவகம், விண்டோஸ் எவை என்று எழுதி வைக்க வேண்டும். கையில் உள்ள பிரிண்டர், பிளாட்டர் அதனோடு சேருமா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே கடைக்குப் போக வேண்டும்; உபயோகிக்கப் போகிறவரையும் அழைத்துப் போக வேண்டும். நம் பில் போடும் கம்ப்யூட்டருக்கும் இதே விதிதான்.

தம்பி மகன் தானே தேர்ந்தெடுத்த மேசைக் கம்ப்யூட்டர் கனமானது, அழகும் இல்லை. ஆனால் வேலை நடக்கிறது. அதற்குள் கார்த்திகை போய் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் நாம் கடைக்கால் போடுவதில்லை. தை பிறந்துதான் பூமி பூஜை போட்டோம். அதுவரை வாடகைக் கிடங்குக்குத் தண்டம் அழுதோம். மெல்லிய மடிக்கணினி நம் கல்லாப் பெட்டியருகே இருக்கிறது. பார்க்கும் போதெல்லாம் பாடம் சொல்கிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டம் ஒன்றில் விவரம் தெரிந்த பொறியாளரை அழைத்து, பிளான் அனுமதி பற்றியும் கம்ப்யூட்டர் வாங்குவது பற்றியும் ஒரு மணி நேரம் பேச வைக்கலாமே. கட்டடம் கட்டும் எண்ணத்தில் இருக்கும் அங்கத்தினர் பலர். அவர்களில் ஒருவரின் பணம் மிஞ்சினாலும் அந்த ஒரு மணி நேரம் வீண் போகாது.