அந்த அக்காவுக்கு என்ன பதில் சொல்வது?



'ஃபயர்வால் என்றால் என்ன? படத்துடன் விளக்குக' என்று பரீட்சையில் கேட்டால் நம் கம்ப்யூட்டர் பிரிவில் எல்லோரும் எழுதிவிடுவோம். நானும் எழுதிப் பாஸானவன்தான். ஆனால் காலேஜ் விட்டதும் நான் வேலைக்குப் போகும் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? கடையின் பெயர், பக்கத்தில் 123. மறந்துவிடக் கூடாது என்று அதை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி மானிட்டரின் ஓரத்தில் வேறு ஒட்டியிருந்தோம். ஒட்டியது வேறு யாருமில்லை... நான்தான்!

கடை தாலுகா ஆபீஸுக்கு எதிரே இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், சாதிச் சான்று, வருமானச் சான்று, பான் கார்டு என எந்த ஆன்லைன் விண்ணப்பத்துக்கும் கூட்டம் வரும். சிலர் ஆதார் கார்டை நீட்டுவார்கள். பலர் கடை வாட்ஸ்அப் நம்பருக்கு அனுப்பிவிட்டு, "தம்பி, வந்துட்டா?" என்பார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி இறக்கும் வரை அந்த வாட்ஸ்அப் கம்ப்யூட்டரில் திறந்தே கிடக்கும். அண்ணாச்சி, நாங்கள் மூன்று பேர், கூட்டம் நெரித்தால் பக்கத்து டீக்கடைப் பையன் என்று யார் வேண்டுமானாலும் மவுஸைப் பிடிக்கலாம்.

போன வருடம் ஒருநாள் பீடி சுற்றும் அக்கா ஒருவர் வந்து நின்றார்.

"தம்பி, என் பேர்ல யாரோ போன்ல லோன் எடுத்திருக்கானாம். கட்டு கட்டுன்னு தெனமும் போனைப் போட்டு அசிங்கமாப் பேசுதான். ஆதாரும் பான் கார்டும் ஒங்க கடையிலதானய்யா குடுத்தேன்?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நாங்களும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்போம். "நாங்க அப்படிப்பட்ட ஆளுக இல்லம்மா" என்றார் அண்ணாச்சி. அது சத்தியமான வார்த்தை. அந்த அக்காவும் மகளிர் குழு, சிம் கார்டு கடை, கேஸ் ஏஜென்சி என்று பல இடத்தில் நகல் கொடுத்தவர்தான். ஆனால் எங்களிடமிருந்து போகவில்லை என்று காட்ட எங்கள் கையில் என்ன இருந்தது? ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. யார் எப்போது எந்த ஃபைலைத் திறந்தார்கள் என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. 1930-க்குப் போன் செய்து புகார் பதிய உதவினேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் முடியவில்லை.

அன்று ராத்திரி டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். நான்கு வருடக் குவியல், 9,000 ஃபைலுக்கு மேல்! ஆதார், பட்டா, பாஸ்புக் முதல் பக்கம், இறப்புச் சான்று, பள்ளிப் பிள்ளைகளின் போட்டோ... நடுவிலே என் அம்மாவின் ஆதாரும் இருந்தது.

தகவல் திருட்டு என்றாலே நமக்கு இருட்டறையில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டும் ஹேக்கர்தான் ஞாபகத்துக்கு வருகிறான். எங்கள் கடைக்கு அவன் மெனக்கெட்டு வர வேண்டியதே இல்லை. நாங்கள்தான் வாசலிலேயே கொட்டி வைத்திருக்கிறோமே! அதனால் என் கட்சி இதுதான்: சின்னக் கடைக்கு முதல் பாதுகாப்பு விலை கொடுத்து வாங்கும் ஆன்ட்டிவைரஸ் அல்ல. வேலை முடிந்ததும் அடுத்தவர் தகவலை வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான். இல்லாத பொருளை எவன் திருடுவான்?

ஜெராக்ஸ் மெஷினே நகலை வைத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியுமா? இன்றைய பெரிய டிஜிட்டல் மெஷின்கள் பலவற்றின் வயிற்றுக்குள் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவின் சி.பி.எஸ். டெலிவிஷன்காரர்கள் நியூஜெர்சியில் ஒரு கிடங்கிலிருந்து நான்கு பழைய மெஷின்களை வாங்கி, டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தார்கள். பஃபலோ நகரப் போலீஸின் வழக்குக் காகிதங்கள் கிடைத்தன. இன்னொன்றில் அஃபினிட்டி என்ற நியூயார்க் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளி விவரங்கள்! வாடகை மெஷினை அழிக்காமல் திருப்பிக் கொடுத்ததுதான் அவர்கள் செய்த தவறு. 3 லட்சத்து 44 ஆயிரம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். 2013-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டித்தான் அந்த விவகாரம் முடிந்தது. நம் ஊர்க் கடைகளில் நிறைய மெஷின்கள் வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து வந்த செகண்ட் ஹேண்ட்தான். எங்களுடையதும் அப்படியே. மெக்கானிக் அண்ணனிடம் கேட்டதும் சிரித்தார். பிறகு பின்பக்க மூடியைத் திறந்து, "இந்தா இருக்கு" என்று காட்டினார்.

காகிதக் கதை இன்னும் மோசம். தப்பாக விழுந்த நகல்களை எடைக்குப் போடுவோம். அவை பஸ் ஸ்டாண்டில் சுண்டல் பொட்டலமாகத் திரும்பி வரும்!

எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றதும் அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "ஏலே, போன வருஷம் எடுத்த சர்டிபிகேட் இருக்கான்னு கேட்டு வாராங்கல்லா? இல்லன்னா அடுத்த கடைக்குப் போயிருவாங்க." அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இமெயில் கிடையாது, வீட்டில் பத்திரமாக வைக்க இடமும் கிடையாது என்ற நிலையில் உள்ளவர்களுக்கு எங்கள் கடைதான் பீரோ. ஆனால் பூட்டில்லாத பீரோ அல்லவா இது!

சட்டத்தைச் சொல்லிப் பார்த்தேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். "கடையை மெஷினோட வித்தாலும் 3 லட்சம் தேறாதுலே" என்று அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அவரை இறங்கி வரச் செய்தது சட்டமல்ல, அந்த அக்கா நின்ற நிலைதான்.

இப்போது ஆளுக்கொரு லாகின். சான்றிதழ் வந்ததும் அவரவர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிட்டு எங்களிடம் உள்ளதை அழிக்கிறோம். சாதா போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்குக் கூடுதலாக ஒரு பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து கொடுக்கிறோம். கழிவு நகலைக் கிழித்த பிறகுதான் எடைக்குப் போடுகிறோம். இதனால் சில வாடிக்கையாளர்கள் போனது உண்மை. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைவிட்ட விண்டோஸ் 7 மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு மாற்றலாம் என்கிறார் அண்ணாச்சி. எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை!

இதையெல்லாம் நமக்கு எதற்குச் சொல்கிறேன்? நம்மில் எத்தனை பேர் பெரிய கம்பெனி நாற்காலியில் உட்காரப் போகிறோம்? பலர் சொந்தமாகக் கடை வைப்போம். மற்றவர்களிடமும் ஊரிலுள்ள மெடிக்கல் ஷாப்காரரும் ரத்தப் பரிசோதனை லேப்காரரும், "நீ பாலிடெக்னிக்தானே, இந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பார்த்துக் குடு" என்பார்கள். பாஸ்வேர்டு போடப் போவது நாம்தான்.

போன வாரம் அந்த அக்கா மகளுக்கு வருமானச் சான்று எடுக்க மறுபடி வந்தார். வேலை முடிந்ததும் நகரவில்லை.

"அழிச்சிட்டியா தம்பி?"

மானிட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, திரையின் மூலையை விரலால் தொட்டார்.

"அந்தக் குப்பைத்தொட்டி படம் இருக்குல்லா... அதையும் தொறந்து காட்டு."