ஆயாக் கொட்டகை எங்கே?

கெடா தோட்டங்களில் பொழுது விடியுமுன்பே பால்மரம் வெட்டச் சென்ற தாய்மார்கள், பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். கொட்டகை எளியதுதான், ஆனால், தாயின் வேலை நேரமே அதன் நேரம். அவர்களின் பேத்திகள் பலர் இன்று பாடாங் செராய், லூனாஸ் வட்டார வீடமைப்புப் பகுதிகளில் வாழ்கின்றனர். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா அருகிலேயே உள்ளது. அங்குத் தொழிற்சாலைகள் இரவிலும் இயங்குகின்றன. குழந்தைப் பராமரிப்பு மையங்களோ பெரும்பாலும் மாலையிலேயே மூடப்படுகின்றன. மகப்பேற்றுக்குப்பின் வேலையை விட்ட பெண் எப்படித் திரும்புவாள்?

குறைந்தது ஈராண்டு இடைவெளிக்குப் பின் பணிக்குத் திரும்பும் பெண்களுக்கு 12 மாத வருமான வரி விலக்கை 2018ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. நல்ல திட்டமே. ஆயினும், வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்? 2023 முதல் நெகிழ்வான வேலை நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தரவேண்டும். மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு! சொந்தத் தொழில் தொடங்கத் தெக்குனின் ஸ்பூமி கடனுதவி இருக்கிறது. தவழும் பிள்ளையை வைத்துக்கொண்டு முறுக்குச் சட்டியின் முன் எவ்வளவு நேரம் நிற்பது?

எனவே, தொழிற்பேட்டைகளின் அருகே இரவிலும் இயங்கும் பராமரிப்பு மையங்களே முதலில் வேண்டும் என்பேன். செலவைத் தொழிற்சாலைகள் ஏற்கலாம். ஊழியர்களுக்காக மையம் நடத்தும் முதலாளிக்கு அரசாங்கம் இரட்டிப்பு வரிக்கழிவு தருகிறது.